மயில் தந்த லினக்ஸும் நத்தை தந்த லினக்ஸும்

வீடு வீடாய்ப் போகும். எந்த வீட்டிலும் எதையும் தொடாது. தன் மூட்டையைத் தானே சுமந்து திரும்பிவிடும். அது என்ன? நத்தை என்பீர்கள். பாதி சரி! மீதியைக் கேளுங்கள்.

ஆலங்காட்டுப் பள்ளியில் நிரல் எழுதக் கற்று வந்தாள் பூவி என்ற மைனாக்குஞ்சு. வீட்டிலும் பழகிப் பார்க்க, கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளம் வேண்டும் என்றார்கள் பள்ளியில். வீட்டிலோ ஒரே ஒரு பழைய கணினி. அம்மா பாடிப் பதிந்த பாட்டெல்லாம் அதில்தான் இருந்தது.

"ஒரு பாட்டு அழிந்ததோ, அப்புறம் கணினிப் பக்கம் உன் அலகே வரக்கூடாது!" என்றாள் அம்மா.

செய்தி கேட்டு மயில் மாமா ஓடிவந்தது. "பென்டிரைவில் லினக்ஸ் போட்டுத் தருகிறேன். செருகினால் போதும், பென்டிரைவிலிருந்தே ஓடும்! பள்ளிக் கணினியில் பார்த்தாயே, திரை முழுக்கத் தோகை ஆடும்!"

பூவி வீட்டில் செருகினாள். அம்மா இரை பொறுக்கிக் கூடு திரும்பியும், திரையில் ஒரே ஓர் இறகுதான் விரிந்திருந்தது.

"உங்கள் கணினி கிழம், கண்ணு!" என்றது மயில். "உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு இதையே நிறுவு. பறக்கும்!"

பூவி நிறுவப் போனாள். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கேட்டது திரை. "வேண்டாம் மாமா!" என்று கணினியை அணைத்துப் பென்டிரைவைப் பிடுங்கினாள்.

அப்போதுதான் நத்தையும் பூவிக்காக லினக்ஸ் போட்ட தன் பென்டிரைவோடு வந்து சேர்ந்தது. முந்தாநாளே புறப்பட்டதாம்!

செருகியதும் சட்டென்று திறந்தது ஒரு சாம்பல்நிறத் திரை.

"அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசினாயா, நத்தையே!" என்று மயில் சிரித்தது.

பூவி ஒரு சின்ன நிரல் எழுதினாள். ஓடியது! கணினியை அணைத்துவிட்டு மறுபடி திறந்தாள். நிரலைக் காணோம்!

"நத்தை அக்கா, என் நிரல் எங்கே?"

"அடடா! நீ எழுதுவதை வைக்கப் பென்டிரைவிலேயே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். மறந்தேனே!" நத்தை வெட்கத்தில் ஓட்டுக்குள் போய்விட்டது. பிறகு மெல்லத் தலைநீட்டி, இடம் ஒதுக்கித் தந்தது.

பூவி மறுபடி எழுதினாள், அணைத்தாள். பென்டிரைவை அலகில் கவ்விப் போய், பக்கத்து மரத்து ஆந்தையின் கணினியில் செருகினாள். நிரல் அப்படியே இருந்தது!

கூட்டில் அம்மா தன் பாட்டுகளை ஒவ்வொன்றாய்ப் போட்டுக் கேட்டாள். "ஒன்றும் குறையவில்லை. நடுவில் இருமினேனே, அதுகூட இருக்கிறது!"

மயில் விடவில்லை. "பள்ளியில் எல்லோரும் தோகைத் திரைதான் வைத்திருக்கிறார்கள். உன்னைக் கேலி செய்வார்களே!"

பூவி இரண்டு பென்டிரைவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கண்ணைப் பறிப்பது நல்ல கருவி அல்ல. நம் வீட்டுக்குப் பொருந்தி, இருப்பதைக் கெடுக்காமல், நம் உழைப்பைக் காப்பதே நல்ல கருவி.

பூவி சாம்பல்நிறத் திரை தரும் நத்தையின் பென்டிரைவை எடுத்துக்கொண்டாள். விடுகதையின் மீதி விடை அதுதான்!