கொட்டகை நின்றது யாரால்

கடலோரத்து மடம் ஒன்றுக்கு மாட்டுக் கொட்டகை போட்டுக் கொடுத்தார் அடைக்கலம். தலை நரைத்த பிறகு சீடராக வந்தவர். குருவான தருமாம்பாள் அம்மையைவிட வயதில் மூத்தவர். ஊரில் இருந்தவரை கொட்டகை போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மடத்துக்கு வந்த பிறகோ, யார் பாராட்டினாலும் "எல்லாம் குருவருள்" என்று கண்ணை மூடிக்கொள்வார். ஆணவத்தை அறுக்க வந்தவராயிற்றே!

ஐப்பசியில் புயல் வருகிறது என்று ரேடியோ அலறியது. ஊர் மாடுகள் மடத்துக் கொட்டகைக்கு வரத் தொடங்கின. பூச்செண்டும் தன் சினைமாட்டை ஓட்டி வந்தாள். அவளுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

"அண்ணே, கொட்டகை தாங்குமா?"

"குருவருள் இருந்தா தாங்கும், தாயி."

அவள் முகம் செத்துவிட்டது. மாட்டைக் கட்டவும் மனம் வரவில்லை, திருப்பி ஓட்டிப் போகவும் இடமில்லை.

உள்ளே வைக்கோல் உதறிக்கொண்டிருந்த அம்மை எழுந்து வந்தார். மடத்துப் பசுவின் கயிற்றை அவிழ்த்தார்.

"என்னம்மா இது?" அடைக்கலம் பதறினார்.

"தோப்புல கட்டப் போறேன்."

"தென்னை சாஞ்சா மாடு செத்துடுமே!"

"இங்க மட்டும்? என் அருளுக்குக் கொட்டகைக் கால் நடத் தெரியாதே."

அடைக்கலத்துக்குச் சுருக்கென்றது.

"கால் நான் நட்டதும்மா."

"எவ்வளவு ஆழம்?"

"இடுப்பளவு. அடியைத் தீயில கருக்கி, தார் பூசி இறக்கினேன்."

"கட்டு?"

"ஒரு கட்டுலகூட அடுத்தவன் கை படல. ஒண்ணு அவிழ்ந்தாலும் மீசையை எடுத்துடுறேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."

அவர் பூச்செண்டின் பக்கம் திரும்பினார்.

"நான் போட்டது, தாயி. தாங்கும். கட்டு மாட்டை."

அவள் உடனே கட்டினாள். அம்மையும் பசுவைப் பழைய இடத்திலேயே கட்டினார்.

காற்று பேயாட்டம் ஆடியது. மடத்து ஓடுகள் பறந்தன. தோப்பில் பாதி மரங்கள் சாய்ந்தன. விடிந்தபோது கொட்டகையின் கூரையில் சில கீற்றுகளைக் காணோம், அவ்வளவுதான். கால் ஒன்றும் அசையவில்லை. பூச்செண்டு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடைக்கலம் ஒவ்வொரு காலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். நெஞ்சு விம்மியது. பெருமைதான், வேறென்ன? அதுவே அவருக்குப் பயமாகவும் இருந்தது.

"அம்மா, 'நான்'ங்கிறதை விடத்தானே இங்க வந்தேன்? இப்ப அது பனைமர உசரத்துக்கு நிக்குதே."

"கொட்டகை சரிஞ்சு அவ மாடு செத்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"என் தப்புன்னு அவ கால்ல விழுந்திருப்பேன்."

"என் பேரை இழுத்திருக்க மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்மா."

"அப்ப நின்னதுக்கும் நீங்கதான். நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போய்ச் சாணி அள்ளுங்க."