மருக்கொழுந்து மண் பார்த்த கதை

குழந்தைகளே, காடு முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருந்தது. அந்த மேட்டுக்குள் வளை தோண்டி முயல்கள் வாழ்ந்து வந்தன. வருடா வருடம் குட்டிகள் பெருகிப் பெருகி, வளைக்குள் திரும்பிப் படுக்கக்கூட இடமில்லாமல் போயிற்று. ஒன்றின் காது இன்னொன்றின் மூக்கில் இடித்தது. மேட்டில் இருந்த புல்லும் தீர்ந்துபோனது.

மருக்கொழுந்து என்ற முயலுக்கு அப்போது நிறைமாதம். 'என் குட்டிகளை எங்கே வைத்து வளர்ப்பேன்?' என்று அதற்கு ஒரே கவலை.

அந்த நேரம் பார்த்து நரி வந்தது.

"முயல்களே, நீங்கள் படும் பாட்டைப் பார்க்க என் மனம் தாங்கவில்லை. ஓடைக்குப் பக்கத்தில் பழைய தோல் ஆலை இருக்கிறதே, மனிதர்கள் மூடிவிட்டுப் போனது, அந்த நிலம் இப்போது என்னுடையது. புல் எப்படி வளர்ந்து கிடக்கிறது தெரியுமா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த மொட்டை மேடு போதும்!"

நரிக்கு மேடு எதற்கு என்று கேட்கிறீர்களா? மேட்டின் மேல் நின்றால் ஊரிலுள்ள கோழிக்கூடுகள் எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

முயல்களின் தலைவன் துள்ளனுக்கு எதிலும் அவசரம். "இப்போதே மாற்றிக்கொள்வோம்!" என்று குதித்தது.

"மாற்றினால் மாற்றியதுதான். பிறகு மேட்டைத் திருப்பிக் கேட்கக் கூடாது" என்றது நரி.

"நிலத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டது மருக்கொழுந்து.

"மான் பார்த்துவிட்டது. அருமையான இடம் என்று சொன்னது" என்றது துள்ளன்.

"மான் புல்லுக்கு மேலே வாழ்கிறது. நாம் புல்லுக்குக் கீழே அல்லவா வாழ்கிறோம்?"

"சரி, பார்த்துவிட்டே வருவோம்" என்று துள்ளன் முன்னால் குதித்தது. எல்லாரும் ஆலை நிலத்துக்குப் போனார்கள். மானும் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தது.

நரி தன் காலால் லேசாகக் கீறிக் காட்டியது. கறுப்பு மண், மெத்தென்று இருந்தது. "ஆகா!" என்று துள்ளன் அதில் புரண்டது.

மருக்கொழுந்து மண்ணை முகர்ந்தது. உள்ளே ஒரு நத்தை ஓடு கிடந்தது. உடனே அங்கேயே தோண்ட ஆரம்பித்தது.

"போதும், போதும்! பிள்ளைத்தாய்ச்சி இவ்வளவு சிரமப்படலாமா?" என்று பதறியது நரி.

"பரவாயில்லை மாமா. நாங்கள் படுக்கிற ஆழம் வரை பார்த்துவிடுகிறேன்."

"அங்கே வேண்டாம்மா, இங்கே தோண்டு!"

"இல்லை மாமா, எனக்கு இந்த இடம்தான் பிடித்திருக்கிறது."

கறுப்பு மண் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அதன் அடியில் மஞ்சள் சேறு. குடலைப் பிடுங்கும் நாற்றம்! ஒரு மண்புழுகூட இல்லை. சேறு பட்ட இடமெல்லாம் மருக்கொழுந்தின் கால் எரிந்தது. 'இதிலா என் குட்டிகளைப் போடுவேன்?' என்று நினைத்துக்கொண்டே காலைப் புல்லில் தேய்த்தது.

"இது என்ன மாமா?"

"அதுவா? உரம்! அத்தனையும் சத்து!" என்றது நரி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"அப்படியானால் இன்று ஒரு ராத்திரி மட்டும் இந்தக் குழிக்குள் படுத்திருங்கள். விடிந்ததும் மேடு உங்களுக்கு" என்றது மருக்கொழுந்து.

நரி குழியை எட்டிப் பார்த்தது. 'அச்!' என்று தும்மியது. "எனக்கு... இன்றைக்கு விரதம். விரத நாளில் நான் குழியில் இறங்குவதில்லை."

முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. மான் மட்டும் சிரிக்கவில்லை. வாயிலிருந்த புல்லை அவசரமாகத் துப்பிக்கொண்டிருந்தது.

"சிரித்தது போதும். இந்தச் சேறு ஆலைக் கழிவு. மண்புழுகூட வாழாத இந்த நிலத்துக்கு நத்தை ஓடு எப்படி வந்தது? இந்த மேல்மண் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது" என்றது மருக்கொழுந்து.

தேடிப் பார்த்தார்கள். இடிந்த சுவருக்குப் பின்னால் ஒரு கிழிந்த சாக்கு கிடந்தது. நல்ல மண்ணை அதில் அள்ளி, மாதக்கணக்காக இழுத்து வந்து பரப்பி, அதில் புல் முளைக்க விட்டிருக்கிறது நரி. கிழிசல் வழியாகச் சிந்திய கறுப்பு மண், வழிநெடுக ஒரு கோடாகக் கிடந்தது. முயல்கள் அந்தக் கோட்டின் மேலேயே துள்ளிக்கொண்டு போயின.

கோடு ஓடையின் மேட்டுக்கரையில் போய் நின்றது. அதுவரை எந்த முயலும் அந்தப் பக்கம் போனதில்லை. துள்ளன் உடனே, "இதுதான் இடம்! குடி வந்துவிடுவோம்!" என்று கத்தியது.

"கொஞ்சம் பொறு" என்று மருக்கொழுந்து மறுபடியும் தோண்டியது. கறுப்பு மண்ணுக்குக் கீழே செம்மண், அதற்கும் கீழே ஈரமண். படுக்கும் ஆழம் வரை மண்புழுக்கள் நெளிந்தன. "இப்போது சரி" என்று அந்தக் குழிக்குள்ளேயே காலை நீட்டிப் படுத்தது.

பாதி முயல்கள் அங்கே குடியேறின. மீதி முயல்கள் பழைய மேட்டிலேயே தாராளமாகக் காலை நீட்டித் தூங்கின. குட்டிகள் தெரியாமல் போய்விடக் கூடாது என்று ஆலை நிலத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார்கள். மருக்கொழுந்தின் குட்டிகள் மேட்டுக்கரையில் கொழுகொழுவென்று பிறந்தன.

நரிக்கோ மேடும் கிடைக்கவில்லை, கோழியும் கிடைக்கவில்லை. மூட்டை இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்ட முதுகுதான் மிச்சம்.

நீதி: குடியேறப் போகும் நிலத்தை, நாம் வாழப் போகும் ஆழம் வரை நாமே தோண்டிப் பார்க்க வேண்டும்.