கருப்பாயி கேக்க மறந்த கேள்வி

ஒரு வானத்துல, யாரும் எட்டிப் பாக்காத ஒரு மூலையில, கருப்பாயின்னு ஒரு கருந்துளை இருந்தா. யாழி, கால ஆட்டாதே. அத்தை கதை சொல்லணுமா வேண்டாமா? அப்போ ம் கொட்டு. ஆங், அப்படி.

கருந்துளைன்னா, கிட்ட வர்றத எல்லாம் கபக்குன்னு முழுங்கிடும். உள்ள போன வெளிச்சங்கூட திரும்பி வராது. ஆனா கருப்பாயி சும்மா கிடக்கறவ இல்ல. விர்ர்ர்ருன்னு சுத்திக்கிட்டே இருப்பா. அவ சுத்துற சுத்துல பக்கத்து வானமே கூடச் சேந்து சுத்தும். அதோட ஓடுறவங்க விழாம அவகிட்ட இருக்கலாம். அப்படி ஒட்டிக்கிட்டே ஓடுச்சு, மினுக்கின்னு ஒரு குட்டி நட்சத்திரம். சொன்ன பேச்சே கேக்காது.

"ஓரம் போகாதேடி! எத்தனை தடவ சொல்றது?"

"சும்மா எட்டிப் பாத்தேன்க்கா."

கருப்பாயிக்கு மினுக்கின்னா உயிரு. நம்ம சுத்து குறைஞ்சா இது நம்ம வயித்துக்குள்ளயே விழுந்துடுமேன்னு அவளுக்கு ஓயாத பயம். கேக்கறியா? ம்.

அப்போ ஒருநாள் சின்னதா ஒரு கருந்துளை வந்தான். கிர்ருகிர்ருன்னு சுத்துறவன். இவங்க வழக்கம் என்னன்னா, நேரா வந்து சேர மாட்டாங்க, வளைய வளைய வந்துதான் சேருவாங்க. இவன் கருப்பாயி சுத்துற பக்கமாவே வளைய வந்தான். டும்! ரெண்டும் ஒண்ணாச்சு. அவ வேகமும் கூடிடுச்சு. "பாத்தியா, நல்லா சுத்துறவனா பாத்துச் சேத்தேன்"னு அவளுக்கு ஒரே பெருமை. அங்கதான் தப்புக் கணக்கு போட்டா.

அப்புறம் இன்னொருத்தன் வந்தான். அவன் இன்னும் அழகா சுத்துவான். இவளும் வாயைப் பொளந்து பாத்தாளே தவிர, நீ எந்தப் பக்கமா வளைய வர்றேன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவனோ எதிர்ப்பக்கமா வந்திருக்கான். டும்! க்ரீச்ச்! இருந்த வேகம் பாதியாயிடுச்சு.

"அக்கா, வழுக்குது!"ன்னு மினுக்கி அலறுது.

கருப்பாயிக்கு வந்துச்சே கோவம்! யாரைத் திட்டுவா? திட்ட வேண்டியவன் வயித்துக்குள்ள இருக்கான்.

யாழி, தூங்கிட்டியா? இல்லையா? சரி, ம்.

அப்போ பாத்து மூணாவதா வந்தான் மொத்தையன். அவ அளவுக்கே பெரிய ஆளு, ஆனா சுத்தவே மாட்டான். கம்முன்னு இருப்பான்.

"வராதே! உன்னச் சேத்தா நான் நின்னே போயிடுவேன். என் மினுக்கி விழுந்துடும்!"

"நான் சுத்த மாட்டேன்தான். எந்தப் பக்கமா வளைய வர்றேன்னு பாத்தியா?"

அப்பத்தான் பாத்தா. அவ சுத்துற பக்கமாவே வர்றான்! சேந்தா அந்த ஓட்டமெல்லாம் தன்னோட சுத்தாயிடும்னு அப்பத்தான் அவ புத்தியில உறைச்சுது. மொதல்ல வந்த சின்னவன் சேந்தப்பவும் அப்படித்தான் ஆச்சு. இத்தனை நாள் இது தெரியாம இருந்தோமேன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

"மினுக்கி, ஒரு தடவையாவது சொன்னதக் கேளு. தூரப் போ!"

அன்னிக்கு மட்டும் அது கேட்டுச்சு.

அப்புறம் ரெண்டு பேரும் வளைய வந்தாங்க. ஊஊம்... ஊம், ஊம், ஊம்ஊம்ஊம், டம்ம்ம்! வானமே அலை அலையா நடுங்கிப் போச்சு. சேந்த எடையில கொஞ்சம் அந்த அலையிலயே கரைஞ்சும் போச்சு.

அப்புறம் ஒரே அமைதி. அங்க பெருசா ஒண்ணு விர்ர்ர்ருன்னு சுத்துது. கருப்பாயியா, மொத்தையனா? மினுக்கிக்குத் தெரியல.

"அக்கா?"

பதில் இல்ல. கொஞ்சம் கிட்ட வந்துச்சு.

"அக்கா?"

பதில் இல்ல. அழுகை வந்துடுச்சு அதுக்கு. இன்னும் கிட்ட, ஓரத்துக்கே வந்து எட்டிப் பாத்துச்சு.

"அக்கா..."

"ஓரம் போகாதேடி! எத்தனை தடவ சொல்றது?"

மினுக்கி அழுதுக்கிட்டே சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே கூடச் சேந்து ஓடுச்சு.

அவ்வளவுதான் கதை. மினுக்கி வீடு சேந்தாச்சு, கண்ண மூடு. அடியே யாழி, கட்டில் ஓரம் போகாதே, எத்தனை தடவ சொல்றது? உள்ள தள்ளிப் படு.