நான்கு விரற்கடைக் கத்தி

ஆண்டு இன்னது என்று சொல்வதற்கில்லை. முன்னொரு காலத்தில், கனகவேந்தன் என்ற அரசன் ஆண்ட நாட்டில், சந்தையில் இரண்டு பேர் ஒரு காளைக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவி மற்றவன் தோளில் கீறிவிட்டான். காயம் சிறியதுதான். செய்தி அரண்மனைக்குப் போய்ச் சேருவதற்குள் அது பெரியதாகிவிட்டது. அரசன் அன்று மாலையே சட்டம் போட்டான்.

"நான்கு விரற்கடைக்கு மேல் நீளமுள்ள கத்தியை யாரும் வெளியே கொண்டு செல்லலாகாது. அதற்கு உட்பட்டதாயினும், ஆயுதமாயின் கொண்டு செல்லலாகாது. கருவியாயின் கொண்டு செல்லலாம்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில்தான் வம்பு தொடங்கியது. கிழக்கு வாசல் காவலனுக்குத் தடித்த விரல்கள். அவன் அளந்தால் எல்லாக் கத்தியும் நான்கு விரலுக்குள் அடங்கிவிடும். மேற்கு வாசல் காவலன் ஒல்லி. கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறியவர்கள் வழியில் கத்தி வளர்ந்துவிட்டதோ என்று திகைத்து நின்றார்கள். நாவிதரின் சவரக் கத்தி, செருப்புத் தைப்பவரின் தோல் உளி, வெற்றிலைக்காரியின் பாக்குவெட்டி எல்லாம் ஆயுதம் என்று பறிபோய் அரண்மனை முற்றத்தில் குவியலாகக் கிடந்தன. பத்தே நாளில் ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு இல்லை.

அந்த நேரம் பார்த்து அரசனுக்குக் காட்டுக்குப் போய்ப் பத்து நாள் கூடாரம் அடித்துத் தங்க ஆசை வந்தது. சபையில் விகடகவி பூவணனை அழைத்தான்.

"பூவணரே, காட்டில் கயிறு அறுக்க வேண்டும், பழம் நறுக்க வேண்டும், காலில் முள் தைத்தால் எடுக்க வேண்டும். எல்லோர் மடியிலும் கையடக்கமாக ஒரு கத்தி இருப்பது நல்லது. ஆனால் யாம் போட்ட சட்டத்தை யாமே மீறலாகாது. எது கருவி, எது ஆயுதம் என்று எமக்கே ஒரே குழப்பமாக இருக்கிறது. நீர் ஒரு கத்தியைத் தேர்ந்தெடுத்து வாரும்."

பக்கத்தில் தளவாய் இரணதீரன் நின்றிருந்தான். அரசன் போரைப் பற்றிப் பேசுவதைவிடப் பூவணனோடு சிரிப்பதே அதிகம் என்று அவனுக்கு நெடுநாள் எரிச்சல்.

"மன்னர்பெருமானே, ஒரு சிறு விண்ணப்பம்," என்றான் தளவாய். "அது ஆயுதம் என்று இந்தச் சபையில் யாரேனும் நிரூபித்துவிட்டால், அரசர் முன் ஆயுதத்தோடு வந்த குற்றம் விகடகவியைச் சேரும். அதற்குத் தண்டனை நாடு கடத்தல்."

"அதுவும் நியாயம்தானே," என்றான் அரசன், நியாயமா இல்லையா என்று சரியாகத் தெரியாமலேயே. "மூன்று நாள் தவணை."

பூவணன் வீட்டுக்கு நடந்தான். கூர் இல்லாவிட்டால் அது கத்தி இல்லை. கூர் இருந்தால் தளவாய் அதை ஆயுதம் என்பான். முதல் நாள் சட்ட ஓலையை ஒன்பது தடவை படித்தான். ஒவ்வொரு தடவையும் வேறு பொருள் வந்தது. இரண்டாம் நாள் தருமாதிகாரியிடம் போனான். அவர் கண்ணை மூடி யோசித்து, "கருவி என்பது ஆயுதம் அல்லாதது, ஆயுதம் என்பது கருவி அல்லாதது," என்று விளக்கம் சொல்லி அனுப்பினார். அன்று பூவணனுக்குச் சோறு இறங்கவில்லை. சபையையே சிரிக்க வைத்தவனுக்குத் தன் பெயரைக் கேட்டால்கூடத் தடுமாறும் போலிருந்தது. மனைவி எதை மூட்டை கட்டுவது என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் நாள், வேறு வழி தெரியாமல், மாடக்கண்ணு ஆசாரியின் பட்டறைக்குப் போனான். ஆசாரி வேலையில்லாமல் உலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன கத்தி வேணும் சாமி?"

"அதுதான் தெரியல ஆசாரி. நல்லா அறுக்கவும் வேணும், ஆயுதமாவும் இருக்கக் கூடாது."

"அத விடுங்க. அத வச்சி என்ன செய்யப் போறீங்க?"

 இந்த மூன்று நாளில் ஒருவர்கூடப் பூவணனிடம் இதைக் கேட்கவில்லை. கயிறு, பழம், முள், பல் குச்சி என்று விரல்விட்டுச் சொன்னான்.

ஆசாரி பெட்டியைத் திறந்தார். "இது மடங்காத கத்தி. உறையிலேருந்து உருவுனா அடுத்த நொடி வேலைதான். இந்தா, இதுல விசை இருக்கு, அமுக்குனா பாம்பு நாக்கு மாதிரி வெளிய வரும். கொய்யாப்பழம் நறுக்க அவ்வளவு அவசரம் எதுக்கு? இதுல ரெண்டு பக்கமும் கூரு. பழம் சீவும்போது கட்டவிரல எங்க வைப்பீங்க?"

மூன்றையும் ஒதுக்கிவிட்டு, மரப்பிடி போட்ட சிறிய மடக்குக் கத்தி ஒன்றை எடுத்தார். "உங்க வேலைக்கு இதுதான். அலகு மூணு விரற்கடை. எந்தக் காவக்காரன் அளந்தாலும் நாலுக்குள்ளதான். ஒரு கையால தெறக்க வராது. இந்தப் பள்ளத்துல நகத்த வச்சி, மத்த கையால பிடியப் பிடிச்சி இழுக்கணும். தெறந்தா நிக்க வைக்கப் பூட்டு கிடையாது. அறுத்தா நல்லா அறுக்கும். முனையால குத்துனீங்கன்னா மடங்கி உங்க விரல்மேலயே விழும். பாத்துக்குங்க."

பூவணன் அதை வாங்கிக்கொண்டான். கத்தி சரி என்று தெரிந்தது. சபையில் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் சபை கூடியது. மேற்கு வாசல் ஒல்லிக் காவலனே வந்து அளந்தான். மூன்று விரலோடு நின்றது.

"நீளம் இருக்கட்டும்," என்றான் தளவாய். "கூர் இருக்கிறது. முனை இருக்கிறது. மனிதரைக் குத்தலாம். ஆகவே இது ஆயுதம்."

சபையில் பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஆட்டினார்கள். அரசன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எமக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது," என்றான். அப்போதுதான், மூன்று நாளாகக் காதில் கிடந்த ஒரு சொல் பூவணனுக்கு உறைத்தது.

"அரசே, தளவாயார் அன்று கேட்டது நிரூபணம். இன்று சொன்னது பேச்சு. அவர் நிரூபிக்கட்டும். மடைப்பள்ளியிலிருந்து ஒரு சாம்பல் பூசணிக்காய் வரவழையுங்கள். அதுதான் எதிரி. கத்தி தளவாயார் மடியில் இருக்கட்டும். நான் பத்து எண்ணுகிறேன். அதற்குள் எடுத்துக் குத்திவிட்டால், நான் இப்படியே எல்லைக்கு நடக்கிறேன்."

தளவாய் சிரித்தபடி கத்தியை மடியில் செருகிக்கொண்டான். பூவணன் எண்ணத் தொடங்கினான். தளவாய் எடுத்துவிட்டான்; திறக்கத்தான் வரவில்லை. வாள் பிடித்துக் காய்த்த கை அது, நகம் பள்ளத்தில் நிற்காமல் வழுக்கியது. பல்லால் இழுத்துப் பார்த்தான். பத்து வந்தது.

"எதிரி இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்து குளித்திருப்பார்," என்றான் பூவணன். "பரவாயில்லை, நிதானமாகத் திறங்கள்."

ஒருவழியாகத் திறந்தது. அவமானம் தாங்காமல் தளவாய் முழு வேகத்தில் பூசணிக்காயைக் குத்தினான். முனை தோலில் வழுக்க, அலகு மடங்கி அவன் இரண்டு விரல்களின் மேல் விழுந்தது. ரத்தம் துளிர்த்தது.

பூவணன் ஓடிப்போய்க் கத்தியை எடுத்தான். தன் மேல்துண்டின் ஓரத்தை அதனாலேயே நீளமாகக் கிழித்து, தளவாயின் விரல்களில் கட்டுப் போட்டு, முடிச்சில் மீந்த நுனியையும் அறுத்துவிட்டான். தளவாய் கையைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அரசே, பூசணிக்குச் சாம்பல் கலைந்ததோடு சரி," என்றான் பூவணன். "ஆயுதம் எதிரே இருப்பவரை வெட்டும். இது, தவறாகப் பிடித்தவரை வெட்டியது. சரியாகப் பிடித்தபோது அவருக்கே கட்டுப் போட உதவியது."

அரசன் தாடையைத் தடவினான். பிறகு, தன் இடையில் மாணிக்கம் பதித்துத் தொங்கிய குறுவாளைக் கவலையோடு பார்த்தான்.

"எல்லாம் சரி, பூவணரே. இது ஒன்பது விரற்கடை இருக்குமே. இது கருவியா, ஆயுதமா?"

"அரசே, இதுவரை இதை வைத்து என்ன செய்திருக்கிறீர்கள்?"

அரசன் யோசித்தான். "திருவிழாவில் அணிந்திருக்கிறோம். வேறொன்றும் செய்ததாக நினைவில்லை."

"அப்படியானால் இது இரண்டும் இல்லை. நகை."

 அரசன் அரியணை குலுங்கச் சிரித்தான். கட்டுப் போட்ட கையோடு தளவாயும், அடக்க முடியாமல், மீசைக்குள் சிரித்துவிட்டான்.

"என்ன பரிசு வேண்டும், கேளும்."

"முற்றத்தில் கிடக்கும் குவியல் வேண்டும், அரசே."

கிடைத்தது. பூவணன் அன்றே அதை வண்டியில் ஏற்றிச் சந்தை நடுவில் கொட்டினான். நாவிதரும் தோல் தைப்பவரும் வெற்றிலைக்காரியும் அவரவர் பிடியைப் பார்த்து அவரவர் கத்தியை எடுத்துப் போனார்கள். அதன் பிறகு அந்த நாட்டு வாசல்களில் காவலர்கள், "இத வச்சி என்ன செய்யப் போற?" என்று முதலில் கேட்டார்கள். அளக்க விரலை நீட்டியது அதற்கப்புறம்தான்.