பெரிய டிரம்மில் ஒரு பெயர்

காப்பகத்து டிரம் கீறலே இல்லாமல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பிள்ளைகள் அடிக்கிற டிரம் அப்படி இருக்காது.

எங்கள் ஊர்க் காப்பகத்துப் பிள்ளைகள் பேண்டு வாசிக்கப் பழகட்டும் என்று ரைஸ் மில் முதலாளி சிங்காரம் பணம் கொடுத்தார். அது நிர்வாகி பரமசிவத்தின் வீட்டு மாடியாக எழும்பியது. முதலாளி பார்க்க வருகிறார் என்றதும், பரமசிவம் பேர் எழுதாத வாத்தியங்களாகப் பார்த்து வாடகைக்கு எடுத்து வந்தார்.

"யாராவது வாயைத் திறந்தீங்க, ராத்திரி சோறு கிடையாது" என்று பிள்ளைகளை மிரட்டியும் வைத்தார்.

முதலாளி டிரம்மைத் தடவிப் பார்த்தார். "தினமும் வாசிக்கிறீங்களா?"

பிள்ளைகள் தலையை மட்டும் ஆட்டினார்கள். அவருக்கு ஏதோ உறுத்தியது.

எட்டாவது படிக்கும் தமயந்தி பெயிண்ட் டப்பாவோடு வந்தாள்.

"ஐயா, இங்க டியூப்லைட்டுல கூட உபயம்னு கொடுத்தவங்க பேர் இருக்கு. இவ்வளவு பெரிய டிரம்முல உங்க பேர் இல்லையே. எழுதிடட்டுமா?"

முதலாளிக்கு முகம் மலர்ந்தது. "பெருசாவே எழுதும்மா!"

அவள் பிரஷ்ஷைத் தோய்த்து எடுத்தாள்.

"ஐயோ, தொடாதே! சாயங்காலம் கடைக்காரனுக்கு என்ன பதில் சொல்றது?" என்று அலறினார் பரமசிவம்.

முதலாளி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"நான் ஒண்ணுமே சொல்லலை சார்" என்றாள் தமயந்தி. "ராத்திரி சோறு உண்டுதானே?"