சந்தனம் வைத்த பேய்

பொத்தானை அமுக்கினால் அந்தப் பழைய கம்ப்யூட்டர் உறுமும், படம் வராது. இருட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து நீளமாக மூன்று முறை ஓலம் மட்டும் கேட்கும்.

"செத்துப்போன கிளார்க் தேவசகாயம் உள்ளே உட்கார்ந்து அழறான். வீட்டுமனைப் பட்டியல் அவனோட போச்சு" என்றார் ஆபீஸ் மேலாளர் சிதம்பரநாதன். மனைக்குக் காத்திருந்த கூட்டம் பின்வாங்கியது.

"பேயெல்லாம் இல்லைங்கய்யா" என்றாள் ஆபீஸ் கூட்டும் மாடத்தி.

"அப்போ மத்தியானத்துக்குள்ள நீயே படத்தை வர வை. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

உயிரோடு இருந்தபோது, மழைக்காலத்தில் தேவசகாயம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 'ராம்' என்கிற பச்சை நினைவக அட்டையைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டுவார். "இது இல்லேன்னா பெட்டி அழும், மாடத்தி" என்பார்.

மாடத்தி பெட்டியைத் திறந்தாள். உள்ளே எங்கும் தூசி. அட்டை இருந்த இடம் காலி. அதன் ஓரத்தில் சந்தனம் படிந்த ஒரு விரல் தடம்.

"தேவசகாயம் ஐயா சர்ச்சுக்குப் போறவராச்சே. சந்தனம் ஏதுங்கய்யா?"

கூட்டம் மொத்தமும் மேலாளரின் நெற்றியைப் பார்த்தது. அவர் தன் டிராயரிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

படம் வந்தது. பட்டியலும் இருந்தது.

"அந்த அட்டைதான் காரணம்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார், குரல் இறங்கி.

"தேவசகாயம் ஐயாதான்."

எப்போது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.