வெள்ளரிப் படுகைக்கு வந்த வழக்கு

நெளியாறு பேருக்கேற்ற ஆறு. நேராகப் போகத் தெரியாது. வளைவில் ஒரு கரையைத் தின்னும், எதிர்க்கரையில் கொண்டுபோய்த் துப்பும். ஆறென்றால் அப்படித்தான். இது புரியாத ஒரே ஆள் அந்த நாட்டு ராஜா திருமலைக்கொழுந்து.

அவருடைய மாந்தோப்பு ஆறு தின்னும் கரையில் இருந்தது. ஆடி வெள்ளத்தில் பாதித் தோப்பு போயிற்று. எதிர்க்கரையில் புது வண்டல் படிந்தது. அங்கிருந்த ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளரி போட்டார்கள்.

"அது உங்கள் தோப்பு மண், மகாராஜா. அவர்களை விரட்ட வேண்டும்" என்றான் தளவாய் வடமலை. படுகைமேல் அவனுக்கு ஒரு கண்.

ராஜா யோசிக்கவில்லை. "மண் எங்கிருந்து வந்ததோ, அந்த இடத்துக்காரருக்கே சொந்தம். அமாவாசை மாலைக்குள் காலி செய்யட்டும்."

வெள்ளரிக்காரி குருவம்மா நேரே ஆவுடையப்பனிடம் வந்தாள். ராஜாவை எதிர்த்துப் பேசக்கூடிய ஆள் சபையில் அவர் ஒருவர்தான்.

"பிஞ்சு பிடிக்கிற நேரம், சாமி. எங்க பழைய ஊரையும் இதே ஆறுதான் முழுங்குச்சு. அதை நாங்க யாருகிட்டப் போய்க் கேட்டோம்?"

"அழாதே. போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்று."

"நான் எங்கே அழுதேன்?" என்று முறைத்துவிட்டுப் போனாள்.

ஆவுடையப்பன் ராஜாவிடம் ஒன்றுதான் கேட்டார். "இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் பொதுதானே?"

"என் வாக்கு எல்லோருக்கும் பொது."

அமாவாசைக் காலை. சபைக்குள் மலைநாட்டுத் தலைவர் பூங்காடன் வந்தார். பின்னால் பெண்டு பிள்ளைகள், சட்டி பானை, நாலு ஆடு.

"என்ன விஷயம்?" என்றார் ராஜா.

"குடிவந்திருக்கிறோம். அரண்மனையை எப்போது காலி செய்கிறீர்கள்?"

தளவாய் வாளில் கை வைத்தான்.

"இரும், தளவாய்" என்றார் ஆவுடையப்பன். "அரண்மனைக் கிணறு தோண்டியபோது அடியில் என்ன வந்தது?"

"கூழாங்கல்."

"இந்தச் சமவெளியில் ஏது கல்?"

"ஆறு உருட்டி வந்திருக்கும்."

"எங்கிருந்து?"

பூங்காடன் முந்திக்கொண்டார்.

"எங்கள் மலையிலிருந்து. மழை கரைத்தது, ஆறு சுமந்தது. உங்கள் வயல், கோட்டை, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம், எல்லாம் எங்கள் மலை. இத்தனை காலம் கேட்காமல் இருந்தோம். உங்கள் தீர்ப்பை ஆவுடையப்பன் சொல்லியனுப்பினார். வந்துவிட்டோம்."

ஓர் ஆடு சிம்மாசனத்துப் பட்டுத் தொங்கலைக் கடித்து இழுத்தது.

"அப்போது நான் எங்கே போவது, ஆவுடையப்பா?"

"எதிர்க்கரையில் குருவம்மாவிடம் ஓரமாக இடம் கேட்கலாம். ஆனால் தளவாய் விடமாட்டாரே. மாலைக்குள் அங்கேயும் காலி செய்யச் சொல்லியிருக்கிறது."

ராஜா முறைத்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். தீர்ப்பு மாறிற்று: ஆறு எங்கே போட்டதோ, அங்கே பயிரிடுகிறவருக்கே மண். பூங்காடன் கூட்டம் விருந்து சாப்பிட்டுவிட்டு மலையேறியது. ஆட்டைப் பிடிக்கத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

"மிச்சமுள்ள மாந்தோப்பு உமக்குப் பரிசு, ஆவுடையப்பா."

"எனக்கு எதற்கு? மண்ணாசை தளவாய்க்குத்தானே, அவருக்கே கொடுங்கள்."

"படுகையைப் பிடுங்கப் பார்த்தவனுக்கா? குருவம்மாவுக்குக் கொடுத்தாலாவது நியாயம்."

"அவளுக்குத்தான், மகாராஜா. வரும் ஆடியில் ஆறே கொண்டுபோய்க் கொடுத்துவிடும்."